ஐந்து போடாதவள்

சாப்பாடு எப்படி இருக்கிறது என்று அவளிடம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவாள்.

ஆம்பூரில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு அவள் முதல் தடவை வந்திருந்தபோது, என் மாமியார் எல்லாரையும் கேட்பது போல அவளையும் கேட்டார். ஆம்பூரில் பிரியாணி எப்படி என்று கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். அவள் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள். "அரிசி பக்குவமா இருக்கும்மா. கறிதான் இன்னும் கொஞ்சம் வெந்திருக்கணும்," என்றாள். என் கணவர் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அழைத்து வந்த பாவி நான்தானே. நாலாம் நாள் பிரிட்ஜில் இருந்த மிச்சக் கறியைச் சூடு பண்ணிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வது போல, அவசரப்பட்டு இறக்கிவிட்டேன், அந்தப் பெண் சொன்னது நிஜந்தான் என்றார். அதற்குப் பிறகு வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் கரண்டி அவளுக்குத்தான். அவள் தலையாட்டினால்தான் பந்தி.

அவளுக்குத் தலைக்கனம் என்று ஆஸ்பத்திரி வார்டில் நாங்கள் பல நாள் பேசிக்கொண்டதுண்டு. அப்படி இல்லை. கேள்வி என்று ஒன்று வந்தால் அதற்குப் பதில் என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். நம் ஊரில் பாதிக் கேள்விகள் பதிலுக்காகக் கேட்கப்படுவதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போல என்று நானும் நினைத்திருந்தேன். சொல்லித் தந்திருந்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும் பெரிய ஆஸ்பத்திரி அல்ல. அங்கிருந்து ஆம்பூர் போகும் ஹைவே ஓரத்தில், லாரிச் சத்தத்துக்கு நடுவில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி. நான் அறுவை சிகிச்சை வார்டுக்கு இன்சார்ஜ். அவள் என்னைவிட எட்டு வயது சின்னவள். திமிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பிளஸ் டூ முடித்ததும் ஆம்பூரில் சித்தி வீட்டில் தங்கி ஒன்றரை வருஷம் ஷூ கம்பெனிக்குப் போனாள். பிறகுதான் நர்ஸிங் சேர்ந்தாள். கம்பெனியில் இருந்தவள் என்பதைப் பார்வையே காட்டிக்கொடுக்கும். எதிரில் வருபவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பாள்.

எங்கள் வார்டில் பாதிப் படுக்கை கால்தான். சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போனவர்கள், தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக நின்றவர்கள், நிலத்தில் முள் குத்தியது தெரியாமலே வீடு வந்து சேர்ந்தவர்கள். எப்படி இருக்கீங்க என்று டாக்டர் கேட்பார். அத்தனை பேரும் ஒன்று போல நல்லாருக்கேன் சார் என்பார்கள். ஒரு நாள் தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஒரு பெரியவர் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பவே எழுந்துவிட்டார். அவள் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். காலைப் பார்க்கவில்லை. கழற்றிப் போட்டிருந்த செருப்பை எடுத்துத் திருப்பினாள்.

"நல்லாருக்கறவரு இன்னாத்துக்குப் பெரியவரே பஸ் ஏறி இங்க வந்தீங்க?"

செருப்பின் அடியில் ஒரு ஆணியின் தலை தெரிந்தது. முனை உள்பக்கம் வந்திருந்தது. இரண்டு நாளாக அவர் அந்த ஆணியின் மேலேயே நடந்திருக்கிறார். கால் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர் கால் அந்த மாதமே முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் அவள் கையைக் கழுவிக்கொண்டே, வெட்டுவதற்கு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, வெட்டாமல் இருப்பதற்கு எங்கே சொல்லித் தருவார்கள் என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

தெரிந்துகொள்ளத்தான் போனோம். நர்ஸுகளையும் பிசியோதெரபி படித்தவர்களையும் வெளிநாட்டுக்கு மேல்படிப்புக்கு அனுப்பும் அறக்கட்டளை ஒன்று இருந்தது. படிப்புச் செலவு அவர்களுடையது. திரும்பி வந்து ஐந்து வருஷம் அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்வதாக நாம் கையெழுத்துப் போட வேண்டும். நேர்முகத் தேர்வில் நான் ஏழைகளுக்குச் சேவை அது இது என்று மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தேன். அவளோ, எனக்கு வேண்டியதை இங்கே கற்றுத்தர ஆள் இல்லை, இருந்தால் நான் ஏன் அவ்வளவு தூரம் போகிறேன் என்றாளாம். இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள். காயமும் பாதமும் பராமரிக்கும் முதுநிலைப் படிப்பு, ஒரு வருஷம், ஸ்காட்லாந்தில் ஒரு கடலோர நகரம். ஆறு வயதுப் பெண்ணை மாமியாரிடம் விட்டுவிட்டு நான் விமானம் ஏறினேன்.

அங்கே போயும் அவள் மாறவில்லை. முதல் மாதமே மழைக்குத் தாங்கும் ஷூ வாங்க என்னோடு கடைக்கு வந்தாள். ஒவ்வொரு ஷூவாக எடுத்து வளைத்தாள், உள்ளே விரலை விட்டுத் துழாவினாள், தையலை எண்ணினாள். இது நம்ம ஊர்க் கைதான் என்று ஒன்றை எடுத்து முகர்ந்தும் பார்த்தாள். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே, பிடித்திருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டு, குதிகால் பக்கம் தையல் ஒரு இடத்தில் தாண்டியிருக்கிறது, மூன்று மாதத்தில் பிரியும் என்று விளக்க ஆரம்பித்தாள். வெட்கத்தில் அதையே வாங்கி வந்தேன். மூன்று மாதத்தில் பிரிந்தது.

இப்படிப்பட்டவளிடம்தான் அறக்கட்டளை திருப்திப் படிவத்தை நீட்டியது.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அது கம்ப்யூட்டரில் வரும். பாடம், தங்குமிடம், செய்முறைப் பயிற்சி, ஆசிரியர்கள், ஒட்டுமொத்தமாக. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் போட வேண்டும். ஒன்று என்றால் கொஞ்சமும் திருப்தி இல்லை, ஐந்து என்றால் முழுத் திருப்தி. எங்கள் அணியில் ஐந்து பேர். நான் முதல் படிவத்தை நிரப்பிய காலையில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் அழுதிருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து வரிசையாக ஐந்து ஐந்து என்று போட்டேன். அனுப்பிவைத்தவர்களிடம் குறை சொல்வதா? கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்று சமையலைப் பழிப்பது போலத்தான் அது எனக்குத் தோன்றியது.

அவள் செய்முறைப் பயிற்சிக்கு இரண்டு போட்டாள். காரணம் எழுத விட்டிருந்த கட்டத்தில் ஒரே வரி: "வந்து இரண்டு மாதம் ஆகிறது, இதுவரை ஒரு காலைக்கூட நான் தொடவில்லை."

உண்மைதான். செய்முறைப் பயிற்சி என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். போனபிறகுதான் தெரிந்தது, அந்த ஊர் நர்ஸாகப் பதிவு செய்யாதவர்கள் நோயாளியைத் தொடக் கூடாது, பார்க்கத்தான் செய்யலாம் என்று. பாத சிகிச்சைப் பிரிவில் தரையில் ஒரு மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும். நாங்கள் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். புண்ணைச் சுற்றித் தடித்த தோலை அவர்கள் கத்தியால் சீவி எடுப்பதும், பாதத்தின் எந்த இடத்தில் பாரம் விழுகிறது என்று விரலால் அழுத்திப் பார்ப்பதும் எட்டி நின்று பார்த்துக் கற்கக்கூடிய வேலையா? அவள் ஷூ முனை எப்போதும் டேப்பின் மேலேயே இருக்கும்.

கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வாரா வாரம் குதிகால் புண்ணோடு வருவார். ஒரு நாள் அவர் எங்களைப் பார்த்து, எங்கள் ஊர் பிடித்திருக்கிறதா, நன்றாகக் கற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். நாங்கள் நாலு பேரும் பல்லைக் காட்டினோம். அவள், இல்லை, எங்களுக்குத் தொட அனுமதி இல்லை என்றாள். அவர் தன் பெரிய பாதத்தை அவள் பக்கம் நீட்டி, என் கால் என்னுடையதுதானே, தொடு பெண்ணே என்றார். சிகிச்சை தந்துகொண்டிருந்தவர் அவசரமாக நடுவில் வந்து மன்னிப்புக் கேட்டார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பழையபடி நின்றாள்.

அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் சென்னையில் இருந்தார். வயதானவர், தன்மையானவர், எங்களையெல்லாம் மகளே என்றுதான் கூப்பிடுவார். அவளுடைய இரண்டைப் பார்த்துவிட்டு முதலில் போனில் கொஞ்சினார். இதெல்லாம் ஒரு சம்பிரதாயம், மகளே என்றார். இரண்டாவது படிவத்திலும் அவள் இரண்டே போட்டாள். இந்த முறை வீடியோவில் வந்தார், குரலில் கொஞ்சல் இல்லை. நன்கொடை தருகிறவர்கள் சராசரியைத்தான் பார்ப்பார்கள் என்றார். அடுத்த வருஷத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்தே இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். அவர்கள் வாய்ப்பும் இதில் இருக்கிறது என்றார். படிவத்தை மறுபடி திறந்து வைக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் திருத்திவிடு, இல்லையென்றால் திருப்தி இல்லாத ஒருவரைத் தொடர்ந்து படிக்க வைக்க வேண்டுமா என்று கமிட்டி யோசிக்க வேண்டிவரும் என்றார்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "கேள்வி கேட்டீங்க, பதில் சொன்னேன் சார். பதில் வேணாம்னா கேள்விய எடுத்துடுங்க."

நான் பக்கத்தில் உட்கார்ந்து என் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க அவளிடம் மன்றாடினேன். நாலு போடு, இல்லை மூன்றாவது போட்டுவிடு என்றேன். திருப்பி அனுப்பிவிட்டால் கையில் பட்டமும் இல்லாமல் ஊரில் போய் என்ன சொல்வாய் என்றேன். ஊரில் இருக்கிற அந்த இரண்டு பெண்களின் பேரைச் சொல்லிக்கூடப் பார்த்தேன். அதற்கு மட்டும் அவள் முகம் வாடியது. "அதுங்களும் வந்து அந்த மஞ்சக் கோட்டுக்குப் பின்னாலதான அக்கா நிக்கும்?" என்றாள்.

வியாழக்கிழமை மதியம் அவள் துணி துவைக்கக் கீழ்த்தளத்துக்குப் போனாள். அவளுடைய லேப்டாப் உடைந்து, ஒரு மாதமாக என்னுடையதைத்தான் இருவரும் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். அவளுடைய கடவுச்சொல் அதில் பதிந்தே இருந்தது. நான் படிவத்தைத் திறந்தேன். இரண்டை ஐந்தாக்கினேன். காரணக் கட்டத்தில் இருந்த வரியை அழித்தேன். அனுப்பு என்பதை அழுத்தினேன். தப்பு செய்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை நான் இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை. பிள்ளை வாயில் மருந்து புகட்டுவது போலத்தான் நினைத்தேன். எனக்கு அவள் வேண்டும். அந்த ஊரில் அவள் இல்லாமல் மிச்ச மாதங்களை என்னால் தள்ள முடியாது என்பதும் அதில் இருந்தது.

திருத்தியதற்கு நன்றி என்று ஒரு மின்னஞ்சல் தானாகவே அவள் போனுக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாது.

ஈரத்துணி வாளியோடு அவள் மேலே வந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் துணிகளை ஒவ்வொன்றாக உதறி ஹீட்டரின் மேல் விரித்துக்கொண்டே ஷூ கம்பெனிக் கதையைச் சொன்னாள். அதுவரைக்கும் யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை.

கம்பெனியில் அவள் பசை பூசும் பகுதியில் இருந்தாள். நெடியை வெளியே தள்ளும் ஃபேன் ஒரு மாதமாக ஓடவில்லை. பெண்களுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வந்தார்கள். வந்தால் எல்லாரும் சாடிஸ்பைடு என்று சொல்ல வேண்டும் என்பது முந்தின நாளே வரிசையில் நிற்கவைத்துச் சொல்லித் தரப்பட்ட பாடம். அந்தத் தடவை வாயால் கேட்காமல் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். அவள் அழும் முகத்தில் டிக் போட்டாள். தாள்களை வாங்கிக்கொண்டே வந்த சூப்பர்வைசர் சித்தி வீட்டுத் தெருக்காரர். அவளுக்கு அந்த வேலையை வாங்கித் தந்ததே அவர்தான். கண்ணு, தெரியாமல் போட்டுவிட்டாய் என்று சொல்லி, வேறு தாளில் சிரித்த முகத்துக்குத் தானே டிக் போட்டு அடுக்கில் சேர்த்தார். அவளுடையதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேனாவையும் அங்கேயே செருகினார். எல்லாருக்கும் திருப்தி என்று எழுதிக்கொண்டு ஆடிட் போய்விட்டது. ஃபேன் அப்படியே இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பக்கத்தில் நின்ற பெண் தலைசுற்றி, விழாமல் இருக்கப் பிரஸ் மெஷினில் கையை ஊன்றினாள். இரண்டு விரல் நுனி போயிற்று.

"அவரும் நல்லவருதான் அக்கா. என் வேல போயிடக் கூடாதுன்னுதான் மாத்துனாரு. நான் பாத்துக்கினே சும்மா இருந்தேன். அதான் என் தப்பு." கடைசித் துணியை விரித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். "இந்த வாட்டி சும்மா இருக்க மாட்டேன். ஆனா உங்க பேரு என் வாயில வராது."

மறுநாள் ஒருங்கிணைப்பாளர் திரையில் வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. நல்ல முடிவு எடுத்தாய் மகளே என்று ஆரம்பித்தார். திருத்தி வந்தது என்னுடையது இல்லை, முதலில் போட்டதுதான் என்னுடையது என்றாள் அவள். அப்படியானால் யார் மாற்றியது என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

"யாருன்னு எனக்குத் தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு நாள் ஒரு எண், மறுநாள் வேறு எண் என்று போட்டுவிட்டு யார் மீதோ பழி போடுகிற பெண்ணுக்காகக் கமிட்டியிடம் தன்னால் வாதாட முடியாது என்றார். திங்கட்கிழமை பயண ஏற்பாடு பற்றிக் கடிதம் வரும் என்றார். அவள் சரி சார் என்றாள். அந்தச் சரி எனக்குப் பொறுக்கவில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில், திரைக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"மாத்தினது நான்தான் சார். அவளோடது மட்டும் இல்ல, நான் என் ஃபார்ம்ல போட்ட அஞ்சு எல்லாமே பொய்."

அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. மஞ்சள் டேப்பைச் சொன்னேன். ஆணி ஏறிய செருப்பைச் சொன்னேன். திருப்பி அனுப்புவதென்றால் இரண்டு டிக்கெட் போடுங்கள் என்றும் சொன்னதாக அவள் பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள். பெரியவர் ஒரு தாளை இழுத்து எதையோ குறித்துக்கொண்டார். திங்கட்கிழமை கடிதம் வந்தது, ஆனால் எங்களுக்கு அல்ல, பல்கலைக்கழகத்துக்கு. செய்முறைப் பயிற்சி ஏன் நடக்கவில்லை என்று கேட்டு.

படிப்புக்குப் பொறுப்பான பேராசிரியை எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நரைத்த தலை, கறாரான பெண்மணி. கோபமாக இருப்பார் என்று போனோம். அவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். எங்களுக்கு முன்னால் அதே அறக்கட்டளையிலிருந்து வந்த மூன்று அணிகளின் படிவங்கள். செய்முறைப் பயிற்சிக்கு எல்லாரும் ஐந்து. நின்று பார்ப்பதே உங்களுக்குப் போதும் போலிருக்கிறது என்றுதான் நாங்கள் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தோம் என்றார் அவர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தக் கோப்பின் கடைசியில் எங்கள் அணியின் படிவங்களும் இருந்தன, அதில் என் ஐந்தும் இருந்தது.

கூடுதல் காகிதங்கள், தடுப்பூசிகள், கையெழுத்துகள் எல்லாம் முடிய இரண்டு மாதம் ஆயிற்று. கடைசிப் பருவத்தில் ஆறு வாரம், மேற்பார்வையோடு, எங்களுக்கு டேப்பைத் தாண்ட அனுமதி கிடைத்தது. முதல் நாள் அந்தக் கப்பல்காரர் வந்தார். அவள் கையுறை மாட்டிக்கொண்டு அவர் குதிகாலைத் தன் உள்ளங்கையில் ஏந்தினாள். எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை அவள்தான் கேட்டாள். உன் கை ரொம்பச் சில்லென்று இருக்கிறது என்றார் அவர். அவள் வாய்விட்டுச் சிரித்ததை அந்த நாட்டில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வருஷக் கடைசியில் வந்த படிவத்தில் செய்முறைப் பயிற்சிக்கு அவள் நாலு போட்டாள். இன்னுமா என்று கேட்டேன். ஆறு வாரம் பத்தாது, பன்னிரண்டு வேண்டும் என்று எழுதிவிட்டு, எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்து, அனுப்பினாள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லிவிட்டால் அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். நன்கொடையாளர்களில் ஒருவர் விலகிக்கொண்டார். அடுத்த வருஷம் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து போக வேண்டிய இரண்டு பெண்களில் ஒருத்திதான் போனாள். போக முடியாதவள் ஆம்பூர்க்காரி. ஊர் திரும்பிய முதல் வாரமே இவள் அவள் வீட்டுக்குப் போய், உன் வாய்ப்புப் போனதில் எனக்குப் பங்கு உண்டு என்று நேரில் சொன்னாள். தேவையா? நான் வேண்டாம் என்றுதான் தடுத்தேன். அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டாள். இவள் சனிக்கிழமைதோறும் வார்டு நர்ஸுகளுக்குக் கால் பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பில் ஒரு நாற்காலி எப்போதும் அவளுக்காகப் போட்டிருக்கும். அவள் கடைசிவரை வரவில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவள் மேல் கொஞ்சம் கோபம் வரும். இன்றும் வருகிறது.

ஆனால் கால்கள் தப்பின. எங்கள் புறநோயாளிப் பிரிவில் இவள் உட்காரும் இடத்தில் நாற்காலி கிடையாது, ஒரு குட்டை ஸ்டூல்தான். முதலில் செருப்பு, பிறகு பாதம், கடைசியில்தான் முகம். நல்லாருக்கேன் என்று யாராவது ஆரம்பித்தால், அதை வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க, இங்க இன்னா சரியில்லையோ அத சொல்லுங்க என்பாள். ஷூ கம்பெனிகளில் வெட்டிப்போட்ட மிருதுவான தோலையும் ரப்பரையும் கேட்டு வாங்கிவந்து, புண்ணுள்ள இடத்தில் பாரம் விழாதபடி செருப்புக்குள் வைக்கத் தானே வெட்டித் தைத்துக் கொடுப்பாள். கால் எடுக்கத்தான் வேண்டும் என்று டாக்டர்கள் எழுதிவைத்திருந்த எத்தனையோ பேர் அவள் தைத்த செருப்போடு பஸ் ஏறிப் போனார்கள். தைத்துக் கொடுத்துவிட்டு நடக்கச் சொல்வாள்; கடிக்கிறதா என்பாள். இல்லம்மா என்று கும்பிடுபவர்களை இன்னொரு தடவை நடக்கச் சொல்வாள்.

ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்த மாதமே அவளுக்குத் திமிரிப் பக்கம் அரசு சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. கடைசி நாள் ஸ்டூலை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். என் மாமியார் ஆம்பூரிலிருந்து ஒரு டப்பா பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தார். நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் ஜாஸ்தி என்று சொல்லச் சொன்னாள். வேலூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் ஆபீஸ் கிளார்க் அவளுடைய விலகல் படிவத்தை என் கையெழுத்துக்காகக் கொண்டுவந்தார். பணிச்சூழல், விடுமுறை, சாப்பாடு என்று வரிசையாகக் கேள்விகள். யார் ஆஸ்பத்திரியை விட்டுப் போனாலும் அதில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போட்டுவிட்டுப் போவார்கள். கேன்டீன் சாப்பாட்டுக்கு ஒன்று போட்டிருந்தாள். மேற்பார்வையாளரிடம் திருப்தியா என்ற இடத்தில், அதாவது எனக்கு, நாலு. பக்கத்தில் அவளுடைய குண்டு குண்டான எழுத்தில், "ஒரு வியாழக்கிழமைக்காக ஒன்று குறைத்திருக்கிறேன். மற்றபடி குறை இல்லை" என்று இருந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வருஷா வருஷம் எல்லாரும் போட்ட ஐந்துகள் என் கோப்பில் கத்தையாக இருக்கின்றன. ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை. கண் கலங்கிவிட்டது. கிளார்க் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார். நல்ல மனுஷன், என் மேல் மரியாதை உள்ளவர். பேனாவை எடுத்துக்கொண்டு குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு அந்தப் பொண்ணு நாலுதான் போட்டுக்குது மேடம். அஞ்சாக்கிடட்டுமா? உங்க ஃபைலுக்கு நல்லாருக்கும்."

"வேணாம். அவ போட்டதுதான் சரி," என்றேன்.

கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்தேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகும் வரை அங்கேயே நின்றேன்.